மோலார் நிறை

ஒரு மோல் பொருள் எத்தனை கிராம் இருக்கிறதோ, அதுதான் அதன் மோலார் நிறை. மோல் என்பது டஜன் போல ஓர் எண்ணிக்கை. டஜனுக்கு 12, மோலுக்கு 6.02214076 × 10²³ துகள்கள். 2019 மே 20 முதல் இந்த எண்ணே மோலின் வரையறை.

கணக்கு வெறும் கூட்டல்தான், பொருளில் உள்ள அணுக்களின் நிறைகளைக் கூட்டினால் போதும். மயில்துத்தத்தை, அதாவது செம்பு சல்பேட்டை (CuSO₄·5H₂O) எடுத்துக்கொள்வோம். செம்பு ஒன்று, 63.55. கந்தகம் ஒன்று, 32.06. ஆக்சிஜன் நான்கு, 64.00. ஆக 159.61. பலரும் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். அந்த நீலப் படிகத்துக்குள் ஐந்து நீர் மூலக்கூறுகள் இருக்கின்றனவே! அவற்றுக்கு 90.08 சேர்த்தால், மோலுக்கு 249.69 கிராம். சூடாக்கினால் அந்த நீர் வெளியேறி, நீலம் வெளுத்து வெள்ளைப் பொடியாகிவிடும். 159.61 என்பது அந்த வெள்ளைப் பொடிக்கான எண். எந்தப் பொடியை நிறுக்கிறோம் என்று பார்க்காமல் கரைசல் தயாரித்தால் செறிவு தப்பாகத்தான் வரும்.

சரி, 'மோல்' எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'மோலெஸ்' என்றால் பெருந்திரள். அதன் சிறுமை வடிவம்தான் 'மாலிக்யூல்' ஆனது, சிறு திரள் என்ற பொருளில். ஜெர்மன் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் 1890-களில் அதைச் சுருக்கி 'மோல்' என்று வழங்கினார். பெரியதைக் குறித்த சொல் சிறியதற்குப் போய், மறுபடி கையில் அள்ளும் அளவுக்குத் திரும்பியிருக்கிறது. கடைவாய்ப் பல்லையும் மோலார் என்பார்கள். அதன் வேர் வேறு: 'மோலா', திரிகைக்கல்.

தமிழில் என்ன சொல்வது? 'மூலக்கூறு நிறை' என்று எழுதுவது தவறு. அது ஒரே ஒரு மூலக்கூறின் நிறை, அலகு டால்டன். நீருக்கு இரண்டிலும் 18.015 என்றே வருவதால் வித்தியாசம் தெரியாமல் போகிறது. அப்புறம், சமையல் உப்பில் தனி மூலக்கூறே கிடையாது, அயனிகளின் அடுக்குதான். ஆனால் அதற்கும் மோலார் நிறை உண்டு, 58.44.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'மோலார் நிறை' என்கின்றன. இலங்கையில் 'மூலர்த் திணிவு'. அங்கே 'நிறை' என்றால் நாம் 'எடை' என்பது, அதாவது புவி இழுக்கும் விசை. இரு கரை நூல்களையும் படிக்கும் மாணவர் இந்த ஒரு சொல்லில் கட்டாயம் தடுமாறுவார். பொருள் தெளிவில் 'திணிவு' நல்ல சொல். துகள்கள் திணிந்திருப்பதைக் காதே உணர்ந்துவிடும். 'நிறை'யோ நிறுத்தல், நிறைகோல் என்று தராசோடு பிறந்த சொல்.

'மோலார்' என்பதில் உள்ள 'ஆர்' ஆங்கிலப் பெயரடை விகுதி, தமிழுக்கு அது தேவையில்லை. அணு நிறை என்கிறோம் அல்லவா? அதே வழியில் 'மோல் நிறை' என்றாலே போதும். நான் அப்படித்தான் எழுதுகிறேன்.