தேர்வு முடிந்ததும் தொடங்கும் முதுகுவலி

ஜூன் பிறந்தால் பிசியோதெரபி அறைக்கு வரும் பிள்ளைகளின் புகார் ஒன்றாகவே இருக்கிறது. 14 முதல் 18 வயது, வேகப்பந்து வீச்சு, கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலி. வலது கையால் வீசுபவனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம். பின்னால் வளைந்தால் சுருக்கென்று பிடிக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் நான்காவது அல்லது ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்ச்சர், அதாவது திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் எலும்பில் விழும் விரிசல். பிறகு மாதக்கணக்கில் பந்தைத் தொடக்கூடாது. கூட வரும் அப்பா கேட்பதும் ஒரே கேள்விதான்: "பரீட்சைக்கு ரெண்டு மாசம் நல்லா ரெஸ்ட் எடுத்தானே சார், அப்புறம் எப்படி?"

அந்த ரெஸ்ட்டுக்குப் பிறகு நேராக சம்மர் கேம்ப்பில் விட்டதால்தான்.

தேர்வுக்கு முன் வாரம் 150 பந்து வீசியவன் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரம் பூஜ்யம். ஏப்ரலில் கேம்ப்: காலை, மாலை இரண்டு வேளை, வேளைக்கு 40 பந்து, வாரம் ஆறு நாள். மொத்தம் 480. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமெண்ட் தனி. "அது லேசான பந்துதானே" என்பார்கள். பந்து லேசு, முன்காலைத் தரையில் ஊன்றும்போது முதுகுக்கு ஏறும் அடி அப்படியேதான் இருக்கிறது. உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் வரும் அடி அது.

இனி, பிசியோதெரபிஸ்ட்களான எங்களை மிகவும் சோர்வடையச் செய்யும் நம்பிக்கைக்கு வருவோம்: "வலி இல்லை, வேகமும் வந்துவிட்டது, ஆகவே உடம்பு தயார்." தசையும் மூச்சும் சில வாரங்களில் திரும்பிவிடும், எலும்பு அப்படித் திரும்பாது. புதுச் சுமை வந்ததும் எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது, அதன்பிறகே புதியதைக் கட்டுகிறது. அரிப்பது வாரக்கணக்கு, கட்டுவது மாதக்கணக்கு. தார்ச்சாலையைச் சுரண்டிவிட்டு, புதுத் தார் போடுவதற்குள் லாரியை விடுகிற கதைதான். எலும்பு மிகவும் பலவீனமாக இருக்கும் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் பையன் "சூப்பர் ரிதம்ல இருக்கேன்" என்கிறான். அந்த நேரத்தில் வலி இல்லாதது எதற்கும் சாட்சி இல்லை. ஏப்ரலில் ஏற்றிய சுமைக்கு மே கடைசியில் வலிப்பது அதனால்தான்.

திடமான பையனுக்கு வராது என்ற எண்ணமும் வேண்டாம். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் 18 வயதில், 2011 நவம்பரில், முதல் டெஸ்ட் ஆடினார். இரண்டாவது டெஸ்ட் 2017 மார்ச்சில். இடையில் முதுகு எலும்பு முறிவுகளும் மற்ற காயங்களும். 1987இல் சென்னையில் தொடங்கிய வேகப்பந்துப் பயிற்சி மையமான எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனுக்குப் பயிற்சியாளராக வந்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கும் 1973இல் இதே முறிவுதான்.

என்ன செய்வது? 20 ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஓவர் எழுதாதீர்கள், பந்து எழுதுங்கள். வைடு, நோ-பால், வார்ம்-அப்பில் முழு வேகத்தில் போட்டது, நெட்ஸ், பள்ளி, லீக், தெரு மேட்ச், எல்லாமே சேர வேண்டும். பள்ளிப் பயிற்சியாளருக்கு அகாடமியில் போட்டது தெரியாது, அகாடமிக்கு லீக் தெரியாது. எல்லாம் தெரிந்த ஒரே ஆள் பையன்தான். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10க்குள் அவனே ஒரு எண் சொல்லட்டும். அதை நிமிடத்தால் பெருக்குங்கள்: 90 நிமிடம், எண் 7 என்றால் சுமை 630. பயிற்சியாளர் "இன்று லைட்" என்று நினைத்த நாளில் பையன் 8 சொல்கிறானா, அங்கேதான் விசாரிக்க வேண்டும். தயவுசெய்து அந்த எண்ணுக்காக அவனைத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அடுத்த நாளிலிருந்து 5 என்றே எழுதுவான்.

சமீபத்திய வாரத்தின் சுமையை நான்கு வாரச் சராசரியால் வகுத்து 0.8 முதல் 1.3 வரை பாதுகாப்பு என்று சொல்லும் செயலிகள் உண்டு. அந்த எல்லைகளை ஆய்வாளர்களே கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். பூஜ்யத்தை ஒட்டிய சராசரியால் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது. ஸ்மார்ட் வாட்ச் காட்டும் பச்சை ரெக்கவரி ஸ்கோரும் இதயத்துடிப்பையும் தூக்கத்தையும் வைத்துச் சொல்வது. முள்ளெலும்பு அதற்குத் தெரியாது. அதற்குப் பதில் காலையில் எழுந்ததும் தூக்கம், சோர்வு, தசைவலி, மனநிலை நான்குக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். அவனுடைய வழக்கத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள், பக்கத்து வீட்டுப் பையனோடு வேண்டாம்.

இடைவெளிக்குப் பின் முதல் வாரம் மூன்று நாள், நாளுக்கு 24 பந்துக்குள், முக்கால் வேகத்தில். நடுவில் ஒருநாள் விடுங்கள். நாள் கணக்கை வாரத்துக்கு ஆறு பந்து வீதம் ஏற்றி, முழு வேகத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுநாள் வைத்திருந்த வரம்பு, 15 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு ஸ்பெல்லில் (தொடர்ந்து வீசும் ஒரு சுற்றில்) 6 ஓவர், நாளில் 12. நம் கேம்ப்களில் ஒரு வேளையிலேயே அந்த 6 ஓவரைத் தாண்டுகிறார்கள். இதைவிட நல்ல வழி, தேர்வுக் காலத்திலும் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், 24 பந்து. மதிப்பெண் குறையாது, நம்புங்கள்.

வலி வந்துவிட்டதா? பந்தை அன்றே கீழே வையுங்கள். ஸ்ப்ரே அடித்தும், மாத்திரை போட்டும் மேட்ச் ஆட விடாதீர்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் முதுகை முறுக்க விடாதீர்கள். எக்ஸ்ரே நார்மல் என்றால் நிம்மதியடைய வேண்டாம், தொடக்கநிலை முறிவு அதில் தெரியாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஒருபக்க வலி இருந்தால் விளையாட்டு மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கடைசி ஆறு வாரப் பந்துக் கணக்கைத்தான் முதலில் கேட்போம்.