தரவரிசை: 'ரேங்கிங்' என்பதற்குள் இருக்கும் வரிசை

ஃபேன்டசி கூடைப்பந்து என்றால், நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டங்களில் எடுக்கும் எண்களால் மோதும் விளையாட்டு. அதை ஆடுகிறவர்களுக்கு அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சீசன், பந்து எறியப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடும். முதல் வேலை 'ரேங்கிங்' போடுவது. அணிக்கு ஆள் எடுக்கும் நாளான டிராஃப்ட் அன்று 12 பேர் மாறி மாறி வீரர்களை எடுக்கும்போது, அடுத்து யார் என்று சொல்வது அந்தப் பட்டியல்தான்.

'ரேங்க்' ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வரிசை என்றுதான் பொருள். அதற்கும் அடியில் வளையத்தைக் குறிக்கும் ஜெர்மானிய வேர் இருக்கிறது. 'ரிங்' அதன் உடன்பிறப்பு, 'அரேஞ்ச்' அதே குடும்பம். உயர்வு தாழ்வு என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

நம் 'வரிசை'யிலோ அந்தப் பொருள் சங்ககாலத்திலேயே இருக்கிறது. புறநானூற்றின் 121ஆம் பாட்டில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் 'வரிசை அறிதலோ அரிதே' என்கிறார். அள்ளிக் கொடுப்பது எளிது, யார் எந்தத் தகுதி என்று அறிவதுதான் கடினம்; புலவர்களை ஒரே கண்ணால் பார்க்காதே என்கிறார். அங்கே வரிசை என்றால் தகுதி. எனக்கு மிகவும் பிடித்த சொல்லாட்சி இது.

இன்று விளையாட்டுச் செய்திகளில் 'தரவரிசை' நன்றாக வேரூன்றிவிட்டது. அதையே எடுத்துக்கொள்ளலாம். 'தரப்படுத்தல்' வேண்டாம், அது ஒரே அளவுக்குக் கொண்டுவருவதையும் குறிக்கும், குழப்பும். பட்டியல் போடும் வேலையைத் 'தரவரிசைப்படுத்துதல்' என்று சொன்னால் போதும்.

சரி, தரம் தெரிந்தால் வரிசை தானாக வந்துவிடுமா? வராது. ஒரு வாரத்தில் உங்கள் அணி 100 ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறு செய்தால் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) எறிந்து 80 போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதக்காரர் ஒருவர் சேர்ந்து 10 எறிந்து 6 போட்டால், அணியின் கணக்கு 78 சதவீதத்துக்கு இறங்கும். அவருக்குப் பதிலாக இன்னொரு 60 சதவீதக்காரர் வந்து 40 எறிந்து 24 போட்டால், 74க்கு விழுந்துவிடும். இருவர் தரமும் ஒன்று, பட்டியலில் இடம் வேறு. ஃப்ரீ த்ரோ சதவீதம் உட்பட ஒன்பது கணக்குகளில் தனித்தனியாக மோதும் 'ஒன்பது பிரிவு' ஆட்டத்தில் பலர் சறுக்குவது இங்கேதான்.

என்பிஏ நட்சத்திரம் யானிஸ் அடெட்டோகும்போவைப் பாருங்கள். 2023-24 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 10க்கு மேல் ஃப்ரீ த்ரோ எறிந்தார். ஏறக்குறைய மூன்றில் இரண்டுதான் விழுந்தது. வீரர் செய்யும் எல்லாவற்றையும் புள்ளிகளாக்கிக் கூட்டும் லீக்கில் அவர் உச்சியில் இருப்பார், ஒன்பது பிரிவில் கீழே இறங்குவார். ஆகவே லீக்கின் விதியைப் படிக்காமல் போட்ட தரவரிசை யாருக்கும் உதவாது.

கூடவே வரும் இன்னொரு சொல் 'டியர்' (tier). 'அடுக்கு' என்பது அதற்கு அழகாகப் பொருந்துகிறது. 14ஆம் வீரருக்கும் 19ஆம் வீரருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, 20இல் சட்டென்று சரிகிறது என்றால், 19க்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வரிசை தலைகீழாகத் திரும்பும் பாம்பு முறையில் 12 பேர் எடுக்கும்போது முதலில் எடுத்தவருக்கு அடுத்த முறை 24ஆவதாகத்தான் வரும். அதற்குள் எந்த அடுக்கு காலியாகும் என்பதை எண்களைவிட அந்தக் கோடு தெளிவாகக் காட்டும்.