பென்னட் செய்யாமல் விட்டது

ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைப் படித்தவர்களிடம் கேட்டால் நாயகி எலிசபெத்துக்கும் பணக்கார டார்சிக்கும் இடையிலான காதலைத்தான் முதலில் சொல்வார்கள். சொத்து வழக்கும் வாரிசு வழக்குமாகக் காலம் தள்ளும் எனக்கு அதில் முதலில் கண்ணில் படுபவர் எலிசபெத்தின் அப்பா பென்னட். எப்போதும் நூலக அறையில் புத்தகமும் கையுமாக இருப்பவர், கூர்மையாகப் பேசுபவர், எலிசபெத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர். வாசகர்களுக்கு உடனே பிடித்துப்போகிற மனிதர். தன் காலத்துக்குப் பிறகு மனைவியும் ஐந்து மகள்களும் எங்கே குடியிருப்பார்கள் என்பதற்கு எந்த ஏற்பாடும் செய்யாதவரும் அவரே. அப்படிப்பட்ட அப்பாக்களின் பிள்ளைகள் என் அலுவலகத்துக்கு அடிக்கடி வருகிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

1813-இல் வெளிவந்த நாவல் இது. பென்னட்டின் லாங்போர்ன் பண்ணை ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம் தருவது. ஆனால் அது 'என்டெயில்' என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆண் வாரிசு இல்லாவிட்டால் நிலமும் வீடும் தூரத்து உறவினரான காலின்ஸ் என்ற பாதிரியாருக்குப் போய்விடும். நம் ஊர் உயில்களில் 'எவ்விதப் பராதீனமும் செய்யாமல் ஆயுள்வரை அனுபவித்துவர வேண்டியது' என்று, அதாவது விற்கவோ பிறருக்கு மாற்றிக்கொடுக்கவோ கூடாது என்று எழுதுவோமே, ஏறக்குறைய அந்த நிலையில்தான் பென்னட் இருக்கிறார். அவர் இருக்கும்வரை வருமானம் அவருடையது. மகள்களுக்கு அந்த நிலத்தை எழுதிவைக்க அவரால் முடியாது.

இதிலிருந்து வெளியே வர ஒரு வழி இருந்தது. மகன் ஒருவன் பிறந்து வயதுக்கு வந்துவிட்டால், தந்தையும் மகனும் சேர்ந்து அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிக்கொள்ளலாம். பென்னட் தம்பதி அதையே நம்பிக்கொண்டிருந்தார்கள். மகன் பிறப்பான், அவன் கையெழுத்துப் போடுவான், எல்லோருக்கும் வழி பிறக்கும் என்று இருந்துவிட்டார்கள். வரிசையாக ஐந்து பெண்கள் பிறந்தார்கள். இனி மகன் இல்லை என்பது உறுதியானபோது, சேமிக்கத் தொடங்கக் காலம் கடந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பென்னட் மேல் கோபம் வருகிறது. சட்டம் அவர் கையைக் கட்டியிருந்தது உண்மை. ஆனால் அது நிலத்தைத்தான் கட்டியது, ஆண்டுதோறும் கைக்கு வந்த 2,000 பவுண்டைக் கட்டவில்லை. கதை தொடங்கும்போது அவருக்குக் கல்யாணமாகி 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆண்டுக்கு 200 பவுண்டு ஒதுக்கியிருந்தால் வட்டி இல்லாமலே 4,600 பவுண்டு சேர்ந்திருக்கும். திருமண ஒப்பந்தத்தின்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எழுதிவைக்கப்பட்டிருந்தது மொத்தமே 5,000 பவுண்டுதான். எலிசபெத்தைப் பெண் கேட்கும்போதே காலின்ஸ் அவள் பங்கைச் சொல்லிக்காட்டுகிறார்: நான்கு சதவீத வட்டியில் ஆயிரம் பவுண்டு, அதுவும் அம்மாவின் காலத்துக்குப் பிறகு. அந்தக் கணக்கில் பார்த்தால் 5,000 பவுண்டுக்கு வட்டி ஆண்டுக்கு 200. இரண்டாயிரத்தில் வாழ்ந்த குடும்பம் ஒரே நாளில் இருநூறுக்கு இறங்க வேண்டும், வீடும் இல்லாமல். மகள்களுக்கு மாப்பிள்ளை தேடி அலையும் பென்னட்டின் மனைவியைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். அவருடைய பேச்சு சலிப்பூட்டுவதாக இருக்கலாம், பயம் நியாயமானது.

இதைப் புரிந்துகொண்டால் எலிசபெத்தின் தோழி சார்லட் லூகாஸின் முடிவும் புரியும். வயது 27, அழகி என்று பெயர் வாங்கியவள் இல்லை, கையில் பணமும் இல்லை. எலிசபெத் மறுத்த அதே காலின்ஸுக்கு அடுத்த சில நாட்களில் சம்மதம் சொல்கிறாள். தனக்கு வேண்டியது வசதியான ஒரு வீடு மட்டுமே என்று தோழியிடம் மறைக்காமல் சொல்கிறாள். இந்தச் செய்தி கேட்டு அவளுடைய தம்பிமாருக்கு ஒரே நிம்மதி, அக்கா கன்னியாகவே இருந்து தங்கள் தலையில் விழுந்துவிடுவாளோ என்ற கவலை போயிற்று. சார்லட்டைச் சுயமரியாதை இல்லாதவள் என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். அவள் நிலையில் இருந்த பெண்ணுக்குக் கௌரவமான பிழைப்பு என்றால் கல்யாணம், இல்லாவிட்டால் பிறர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை. கல்யாணம் செய்துகொண்டாலோ, தனியாக ஏற்பாடு செய்து வைத்திருந்தாலொழிய அவள் கையிருப்புப் பணம் கணவனுடையதாகிவிடும்.

கல்யாணத்துக்குப் பின் சார்லட் வீட்டுக்கு எலிசபெத் விருந்தாளியாகப் போகிறாள். பெரிய அறை இருக்க, பின்பக்கத்து அறையைத் தன் புழக்கத்துக்குச் சார்லட் ஏன் எடுத்துக்கொண்டாள் என்று முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு தெரிகிறது: தெருவைப் பார்த்த அறையில் காலின்ஸ் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். இவளும் அதுபோல ஓர் அறையில் உட்கார்ந்தால் அவர் நாளெல்லாம் இங்கேயே வந்துவிடுவார். எத்தனை வீடுகளில் பெண்கள் இப்படி ஒரு பின்னறைக்குள் தங்கள் நிம்மதியைத் தேடிக்கொள்கிறார்கள்!

வர்க்கம் பற்றி ஒன்று. ஏழைப் பெண்ணும் பணக்காரனும் சேரும் கதை என்று இதைச் சொல்வது சரியில்லை. டார்சியின் அம்மாவின் சகோதரி லேடி கேத்தரின், அவனை மணக்கக் கூடாது என்று மிரட்ட வரும்போது, அவன் ஒரு கனவான், நான் ஒரு கனவானின் மகள், அந்த அளவில் நாங்கள் சமம் என்கிறாள் எலிசபெத். நிலமுடைய குடும்பம் என்ற அந்தஸ்து அவளுக்கு உண்டு, பணம்தான் இல்லை. அந்த லேடி கேத்தரினே இன்னோர் இடத்தில், பெண் வழிக்குச் சொத்துப் போகாமல் தடுக்க வேண்டிய அவசியம் தனக்குத் தெரியவில்லை, தன் கணவர் குடும்பத்தில் அப்படி ஏதும் செய்யவில்லை என்கிறார். ஆக, லாங்போர்ன் கட்டுப்பாடு யாரோ முன்னோர் விரும்பி எழுதிவைத்தது. எழுதாமலும் இருந்திருக்கலாம்.

பென்னட்டின் கடைசி மகள் லிடியா, விக்கம் என்ற ராணுவ அதிகாரியோடு ஓடிப்போன பிறகு அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தது பணம்தான். டார்சி யாருக்கும் தெரியாமல் ஆயிரம் பவுண்டுக்கு மேலான விக்கமின் கடனை அடைத்து, ராணுவத்தில் பதவி வாங்கிக் கொடுத்து, லிடியாவின் பங்குக்கு மேல் இன்னும் ஆயிரம் பவுண்டை அவள் பெயருக்கே எழுதிவைக்கச் செய்கிறான். அவன் காதலை அவன் எழுதிய நீண்ட கடிதத்தில் காண்பவர்கள் உண்டு. நான் இந்தப் பத்திரத்தில் காண்கிறேன். தகப்பன் செய்திருக்க வேண்டியதை வேற்று மனிதன் செய்கிறான்.

இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே என்றது 1870-ஆம் ஆண்டுச் சட்டம், 1882-இல் அந்த உரிமை விரிந்தது. 1870 சட்டத்தின் வழியில் இந்தியாவில் வந்ததுதான் 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம். அதன் 6-ஆவது பிரிவு, மணமான ஆண் தன் உயிர்மேல் எடுக்கும் காப்பீட்டை மனைவி, பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிவைக்க வழி செய்கிறது. 1923-இல் செய்த திருத்தத்தால் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அது உறுதியாயிற்று. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு எடுத்ததாக இல்லாதவரை அந்தத் தொகைமேல் அவர்கள் கைவைக்க முடியாது.

என்னிடம் வருபவர்கள் துணிப்பையிலிருந்து பட்டா, வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள். உயில் இருக்காது. அப்பா பாசமானவர், எங்களுக்குள் சண்டை வராது என்று நம்பினார் என்பார்கள். கடைக்கடனுக்கு வங்கி நோட்டீஸ் வந்த பிறகுதான் பலர் வருகிறார்கள். உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. எழுதிவைப்பவரும் சாட்சிகள் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். தொழிலுக்குக் கடன் வாங்குபவர்கள் காப்பீடு எடுக்கும்போதே முகவரிடம் இந்த 1874 சட்டத்தின் கீழ் வேண்டும் என்று கேளுங்கள். விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய தனிப் படிவம் அதற்கு உண்டு. பாலிசி கைக்கு வந்த பின் அதைச் சேர்க்க முடியாது.