ஊடுபுகலும் ஊடுபுகுத்தலும்

செராமிக் துகள்களை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் இடைவெளிகளை உருகிய உலோகத்தால் நிரப்பி, உலோகம் உறைந்தபின் இரண்டும் ஒன்றிய திண்மக் கூட்டுப்பொருளைப் பெறும் முறையைப் பொருளறிவியலில் 'இன்ஃபில்ட்ரேஷன்' என்பர். அதற்குத் தகுந்த தமிழ்ச் சொல் எது என்பதே இங்குக் கேள்வி. உருகிய உலோகத்தில் துகள்களைத் தூவிக் கலக்கி வார்க்கும் முறை வேறு. அங்கே துகளின் பங்கு கூடக்கூடக் குழம்பு இறுகி, வார்ப்பதே கடினமாகிவிடும். இங்கோ துகள்கள் முன்னரே தம்மிடத்தில் அமர்ந்துவிடுவதால், பருமனில் 60 முதல் 70 விழுக்காடு வரை செராமிக் உள்ள பொருளையும் செய்ய இயலும். உலோகம் புகுமுன் நுண்துளைகளோடு நிற்கும் அந்த அடுக்கை 'முன்வடிவம்' எனலாம்.

ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது 'ஃபில்ட்ரம்' என்னும் இடைக்கால இலத்தீன் சொல். கம்பளி மயிரை அழுத்திச் செய்த, நீர்மங்களை வடிகட்டப் பயன்பட்ட துணியை அது குறித்தது. 'உள்ளே' எனப் பொருள்படும் முன்னொட்டு சேர்ந்து, நுண்ணிய துளைகள் வழியே உட்செல்லுதல் என்ற பொருள் அமைந்தது. நம் முறையில் எதுவும் வடிகட்டப்படுவதில்லை. ஆகவே வேரைப் பிடித்துப் பெயர்ப்பதால் பயனில்லை.

தமிழில் 'ஊடுருவல்' என்று எழுதுவோர் உண்டு. மண்ணுக்குள் மழைநீர் இறங்குவதற்கும், எல்லை கடந்து பகைவர் நுழைவதற்கும் பழகிய சொல் அது. தவறென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் அம்பு மார்பை ஊடுருவியது என்னும்போது, ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிப்படும் குறிப்பும் சேர்ந்தே வருகிறது. இங்கே உலோகம் கடந்து போவதில்லை, உள்ளேயே தங்கி உறைகிறது. எனவே 'ஊடுபுகுத்தல்' என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். ஊடுபயிரிலும், நெசவில் பாவுக்குக் குறுக்கே செல்லும் ஊடையிலும் உள்ள 'ஊடு', இடைவெளி என்ற கருத்தைத் தெளிவாகத் தருகிறது.

'புகு' என்னும் வினையைத் தேர்வதில் இன்னொரு நன்மையும் உண்டு: புகல் தன்வினை, புகுத்தல் பிறவினை, இந்த வேறுபாடு இயற்பியலோடும் ஒத்துப்போகிறது. உருகிய உலோகம் திண்மப் பரப்பை நனைக்குமானால், அதாவது எளிய குழாய்த் துளையொன்றில் தொடுகோணம் (நீர்மத்தின் விளிம்பு திண்மப் பரப்போடு அமைக்கும் கோணம்) 90 பாகைக்குக் குறைவாக இருக்குமானால், நுண்புழை ஈர்ப்பே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். 1414 பாகை செல்சியசில் உருகும் சிலிக்கன், கரி கலந்த சிலிக்கன் கார்பைடு முன்வடிவத்தில் தானே ஏறி, கரியோடு வினைபுரிந்து புதிய கார்பைடை உண்டாக்குவது ஊடுபுகல். 660 பாகையில் உருகும் அலுமினியமோ, அந்த வெப்பநிலையை ஒட்டி, அலுமினாவையோ சிலிக்கன் கார்பைடையோ நனைப்பதில்லை. அதன்மேல் படியும் ஆக்சைடுத் தோலும் தடையாக நிற்கும். உருகிய அலுமினியத்தின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 0.86 நியூட்டன். ஆரம் 1 மைக்ரோமீட்டரும் தொடுகோணம் 150 பாகையும் உள்ள துளைக்குக் கணக்கிட்டால், உலோகத்தை உள்ளே தள்ளச் சுமார் 1.5 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 15 மடங்கு தேவை. வளிம அழுத்தத்தாலோ உந்துதண்டாலோ இதைத் தருவது ஊடுபுகுத்தல். 1983-இல் டொயோட்டா நிறுவனம் டீசல் எஞ்சின் பிஸ்டனில் பயன்படுத்திய அலுமினா இழை முன்வடிவம் இவ்வழியில் வந்தது. துகளுக்குப் பதில் இழை என்பதைத் தவிர நெறி ஒன்றே. மக்னீசியம் கலந்த அலுமினியத்தை நைட்ரஜன் சூழலில் சூடாக்கினால், அழுத்தமின்றியே அது புகுந்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும். அப்போது அதே உலோகத்துக்குத் தன்வினைப் பெயரே உரியது.

'செராமிக்' என்பதை நான் மாற்றவில்லை. பீங்கான் என்றால் பாண்டமே நினைவுக்கு வரும். போரான் கார்பைடைப் பீங்கான் என்பது இடறும்.

துகள் உலோகவியலில் 'இம்ப்ரெக்னேஷன்' என்று வழங்கும் அண்டைச் சொல்லையும் பிரித்தறிய வேண்டும். நுண்துளைகளுள்ள தாங்கிகளில் ('பேரிங்') எண்ணெயையோ பிசினையோ ஏற்றுவது அது. அதற்கு 'ஊட்டல்' போதும். துளைகளை நிரப்புவது உருகிய உலோகமாக இருக்கும்போது மட்டும் 'ஊடுபுகல்' அல்லது 'ஊடுபுகுத்தல்' என்று எழுதினால் குழப்பம் நேராது.