ஹாரி ஸ்டைல்ஸ் ஓவியத்துக்கு முன்னால் நிற்கும்போது

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2022-ல் பிரான்சின் நார்மண்டியில் இருந்த தன் ஸ்டூடியோவில் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸை உட்கார வைத்து, இரண்டே நாளில் ஒரு படம் வரைந்தார். சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டைக்கோடு போட்ட ஸ்வெட்டர், கழுத்தில் முத்துமாலை, நீல ஜீன்ஸ். 2023 நவம்பரில் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் ஹாக்னியின் உருவப்படங்களுக்கான கண்காட்சி தொடங்கியபோது அந்தப் படமும் அங்கே மாட்டப்பட்டது. நட்சத்திரப் பாடகரின் படம் சுவரில் ஏறினால், அதுவரை எந்த ஆர்ட் கேலரி பக்கமும் எட்டிப் பார்க்காதவர்கள்கூட டிக்கெட் எடுத்து உள்ளே வருவார்கள். எனக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம். ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பது என் தொழில், பார்க்க ஆள் வராத படத்தைப் பாதுகாத்து என்ன பயன்?

ஆனால் அன்போடு வருகிற கூட்டம் படத்துக்கு மிக அருகில் வரும். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு விஷயம். இந்தப் படம் ஆயில் பெயின்ட்டில் வரைந்தது அல்ல, அக்ரிலிக். ஹாக்னி 1960-களில் கலிஃபோர்னியாவுக்குப் போன காலத்திலேயே அக்ரிலிக்குக்கு மாறியவர், நீச்சல் குளத்தில் தண்ணீர் தெறிக்கும் அவருடைய புகழ்பெற்ற 1967 ஓவியமும் அக்ரிலிக்தான். ஓவியர்களுக்கான நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் கடைக்கு வந்ததே 1950-களின் நடுவில். அதாவது, பல நூற்றாண்டுகளாகப் பழகிப்போன ஆயில் பெயின்ட்டை நடத்துகிற மாதிரி இதை நடத்த முடியாது. இதன் குணத்தை எங்கள் துறையே சமீபத்திய பத்து இருபது ஆண்டுகளில்தான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்திருக்கிறது.

அக்ரிலிக் சீக்கிரம் காயும் என்று எல்லோருக்கும் தெரியும். காய்ந்த பிறகும் அது இறுகிப் போவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அது ஒரு பிளாஸ்டிக் படலம். ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரைக்கும் குளிர்ந்தால்தான் கெட்டியாகத் தொடங்கும், அதற்கு மேல் போனால் இளகிய நிலையிலேயே இருக்கும். கேலரி அறை எப்போதும் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும், இல்லையா? அதனால் வந்து உட்காரும் தூசி மேலே கிடக்காமல் மெல்ல மெல்ல உள்ளே புதையும். போதாததற்கு, பெயின்ட் தயாரிக்கும்போது நிறமும் நீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் சோப்பு போன்ற ஒரு பொருள், காலப்போக்கில் மேற்பரப்புக்கு ஏறி வந்து மெல்லிய படலமாகப் படரும். அது ஈரத்தையும் அழுக்கையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இனி விரலை வையுங்கள். வியர்வை, தோலின் எண்ணெய், காலையில் பூசிய கிரீம் எல்லாம் அந்த இளகிய பரப்பில் ஒட்டும். பழைய ஆயில் ஓவியங்கள் பலவற்றில் மேலே வார்னிஷ் இருக்கும், அழுக்கு பட்டால் பழைய வார்னிஷை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். அடியில் இருக்கும் பெயின்ட் தப்பித்துவிடும். அக்ரிலிக்கில் வரைபவர்களில் நிறையப் பேர் வார்னிஷ் போடுவதில்லை, அந்த மங்கலான, கண்கூசாத பரப்புதான் அவர்களுக்கு வேண்டும். பூசினால் நிறமே வேறு மாதிரி ஆகிவிடும். அதனால் நீங்கள் தொடுவது ஓவியர் வைத்த பெயின்ட்டையே.

விரல் தடம் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நேராகப் பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைச் சுவரை உரசுகிற மாதிரி பக்கவாட்டில் அடித்தால் எல்லாம் எழுந்து நிற்கும்: உயரத்துக்கு ஏற்ற வரிசையில், கை எட்டும் இடத்தில், வட்ட வட்டமாக மினுமினுப்பு. உருவப்படம் என்றால் பெரும்பாலும் கன்னம், கை, உடையின் ஓரம், அப்புறம் ஓவியரின் கையெழுத்து. பெயின்ட் தடிப்பாக ஏறியிருக்கும் இடங்கள் இன்னும் பாவம், உண்மையிலேயே மேடாக இருக்கிறதா என்று சோதிக்க ஆசை வந்துவிடுகிறது. பாடகர் போட்டிருக்கும் முத்துமாலையில் ஒவ்வொரு முத்தும் ஒரு தடிப்பான தீற்றல் என்றால், விரல் எங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, துடைத்துவிட்டால் போகாதா? அங்கேதான் எங்கள் பாடு. தண்ணீர் பட்டால் அக்ரிலிக் படலம் கொஞ்சம் உப்பும், மேலே சொன்ன அந்தப் பொருளும் கரைந்து வெளியே வரும். ஆல்கஹாலோ அசிட்டோனோ தொட்டால் பெயின்ட்டே கரையும். அதனால் மென்மையான தூரிகையும் குறைந்த இழுவையில் வாக்குவம் கருவியும் வைத்து ஆரம்பிப்போம், அதற்கு மேல் போனால் முகத்துக்கு மேக்கப் போடுகிற ஸ்பான்ஜ் துண்டு. ஈரம் தேவை என்றே ஆகிவிட்டால் தண்ணீரின் அமிலத்தன்மை, உப்பளவு இரண்டையும் அந்தப் பரப்புக்கு ஏற்பச் சரிசெய்து, பஞ்சு சுற்றிய குச்சியில் அரிசி அளவு இடத்தைத் துடைத்துப் பார்ப்போம். பஞ்சில் நிறம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். பல நேரம் அங்கேயே நிறுத்த வேண்டியதாகிறது.

ரசிகர்கள் கூடும் இடத்தில் எனக்கு ரொம்பப் பயம் தருவது லிப்ஸ்டிக். இது கற்பனை இல்லை. 2007-ல் பிரான்சின் அவின்யோனில் அமெரிக்க ஓவியர் சை ட்வோம்ப்ளியின் முழுக்க வெள்ளையான ஓவியம் ஒன்றுக்கு ஒரு பெண் முத்தம் கொடுத்தார், சிவப்பு உதட்டுத் தடம் படிந்தது, விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போனது. ஓவியத்தின் மேல் இருந்த அன்பினால் செய்ததாகத்தான் அவர் சொன்னார். நான் அதை நம்புகிறேன். ஆனால் லிப்ஸ்டிக் என்பது மெழுகு, எண்ணெய், நிறமி மூன்றும் சேர்ந்தது, நிறமி துளைகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அந்தச் சாயத்தைக் கரைக்கும் திரவங்களில் பல, அடியில் இருக்கும் அக்ரிலிக்கையும் கரைக்கும்.

அடுத்து செல்ஃபி. ஃபிளாஷ் அடித்தால் படம் வெளுத்துவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். ஃபிளாஷ் வேண்டாம் என்று கேலரியில் சொன்னால் கேளுங்கள், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் நிம்மதி. ஆனால் ஆயில், அக்ரிலிக் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சத்தை வருடக்கணக்கில் கேலரிகளே கொடுக்கின்றன, ஃபோனின் ஒரு நொடி மின்னல் அதற்கு முன்னால் பெரிய விஷயமில்லை. ஆபத்து உங்கள் முதுகில் இருக்கிறது. செல்ஃபி எடுப்பவர் படத்துக்கு முதுகைக் காட்டி, திரையைப் பார்த்துக்கொண்டு, பாடகரின் முகமும் சட்டகத்துக்குள் வர வேண்டும் என்று பின்னால் நகர்கிறார். 2025 ஜூனில் ஃபிளாரன்ஸின் உஃபீட்ஸி அருங்காட்சியகத்தில் இதுவேதான் நடந்தது. மெடிச்சி குடும்பத்து இளவரசரின் உருவப்படத்துக்கு முன்னால் அதே போஸில் நின்று படம் எடுக்கப்போன பார்வையாளர் பின்பக்கமாகத் தடுமாறிச் சாய்ந்தார், கேன்வாஸ் கிழிந்தது. பழைய இளவரசருக்கே இந்த நிலை என்றால், உயிரோடு இருக்கும் பாப் நட்சத்திரம் உட்கார்ந்திருக்கிற மாதிரியே உட்கார்ந்து காட்ட ஆசைப்படுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

முதுகுப்பையும் அப்படித்தான். பையை மாட்டியவருக்கு அதன் அகலம் மறந்துபோகிறது, திரும்பும்போது ஜிப்பின் உலோக நுனி படத்தில் ஒரு கோடு கிழிக்கிறது. பையைக் கழற்றிக் கையில் பிடியுங்கள், அல்லது முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கேட்டால் பாதுகாப்பு அறையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

சின்னப் படங்களுக்கு வேறு ஆபத்து. பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2011-ல் இறந்தார், அதே ஆண்டில் ஓவியர் மார்லீன் துமாஸ் அவரை நீல நிறத்தில் வரைந்தார், அந்தப் படமும் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியின் சேகரிப்பில்தான் இருக்கிறது. அது ஆயில் பெயின்ட், அளவில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. முகம் மட்டும்தான், கண்களின் மேல் அந்தக் கனத்த மை. அதைப் பார்க்க வேண்டும் என்றால் கிட்டே குனியத்தான் வேண்டும், குனிந்தவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கண்ணைக் காட்ட விரலை நீட்டுவார், அந்த நீட்டிய விரலில்தான் விபத்து. ஆயில் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வருடக்கணக்கில் மெதுவாக இறுகும், இறுக இறுக நொறுங்கும் தன்மை வரும். விரல் லேசாக இடித்த இடத்தில் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வருடங்கள் கழித்துச் சிலந்தி வலை மாதிரி வட்ட விரிசல் விடும்போது யார் இடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சுட்டிக் காட்ட வேண்டுமா, ஒரு அடி பின்னால் நின்று காட்டுங்கள், அல்லது ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

பிடித்த பாடகரை அக்ரிலிக்கில் வரையச் சொல்லி வாங்கி வீட்டில் மாட்டியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈரத்துணி, கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே, சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம், தூசி தட்டச் சுத்தமான மென்தூரிகை போதும். வீடு மாறும்போது பபுள் ராப்பை நேராகப் படத்தின் முகத்தில் சுற்றாதீர்கள். அந்தக் குமிழிகள் இளகிய பெயின்ட்டில் வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும், எங்கள் மேசைக்கு இப்படி வந்து சேரும் படங்கள் நிறைய. முதலில் சிலிக்கோன் பூசிய ஒட்டாத காகிதம், அதன் மேல்தான் பபுள் ராப், அதுவும் குமிழி வெளிப்பக்கம் பார்க்க. இரண்டு அக்ரிலிக் படங்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது ஒன்றின் பெயின்ட் மற்றதோடு வந்துவிடும். 5 டிகிரிக்குக் கீழே போகும் குளிரில் வண்டியில் ஏற்றவோ, சுருட்டவோ, சட்டத்தில் இழுத்துக் கட்டவோ வேண்டாம், அந்தக் குளிரில் இதே இளகிய படலம் விறைத்து வெடிக்கும்.

கேலரியில் தவறிப்போய்க் கை பட்டுவிட்டால், பையோ காபியோ பட்டுவிட்டால், தயவுசெய்து கைக்குட்டையை எடுத்துத் துடைக்காதீர்கள். துடைத்தால் மேலே இருப்பது உள்ளே போகும், பரப்பின் மினுமினுப்பும் மாறிவிடும். நின்ற இடத்திலிருந்து நகராமல் பக்கத்தில் இருக்கும் காவலரைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் என்ன பட்டது என்று சொல்லுங்கள்: சர்க்கரை போட்ட காபியா, கை கழுவும் கிருமிநாசினியா, வெறும் தண்ணீரா? கிருமிநாசினியில் ஆல்கஹால் இருக்கும் என்பதால் அதை முதலில் சொல்லுங்கள். கீழே ஏதாவது பெயின்ட் துணுக்கு விழுந்திருந்தால், நகம் அளவுகூட இல்லாவிட்டாலும், யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் திரும்ப அதே இடத்தில் ஒட்ட முடியும்.