மரச்சிலைக்கு பால் ஊத்தாதீங்க

போன மாசம் ஒரு அம்மா ஆட்டோவுல குழலூதும் கிருஷ்ணர் ஒண்ண துண்டுல சுத்தி, குழந்தைய தூக்கிட்டு வர்ற மாதிரி எடுத்துட்டு வந்தாங்க. ரெண்டடி உயரம், வாகை மரம், நல்ல கைவேலை, முகத்துல ஒரு குறை இல்ல. பீடத்தை திருப்பிப் பாத்தா கறுத்துப்போய் கிடக்கு. ஊசிய வச்சு லேசா அழுத்தினேன், வேகவச்ச கிழங்குல எறங்குற மாதிரி முக்கா இன்ச் உள்ள போயிடுச்சு. "தம்பி, ஆறு வருஷமா ஒரு வெள்ளிக்கிழமை விடாம பாலாபிஷேகம் பண்ணிருக்கேன், ஏன்ப்பா இப்படி ஆச்சு"ன்னு கேக்கும்போதே அவங்களுக்கு கண்ணு கலங்கிடுச்சு.

அவங்க பக்தியில ஒரு தப்பும் இல்ல, சொல்லவேண்டியவங்க சொல்லல அவ்ளோதான். மரச்சிலை செதுக்குறது, பழச ரிப்பேர் பண்றதுன்னு 20 வருஷத்துக்கு மேல இதே வேலைதான் எனக்கு. எங்ககிட்ட ரிப்பேருக்கு வர்றதுல பாதி, அன்பால கெட்டுப்போனதுதான்.

கல்லுக்கும் பஞ்சலோகத்துக்கும் செய்யறத மரத்துக்கு செய்யக்கூடாதுங்கறது நம்ம பெரியவங்களுக்கு நல்லாவே தெரியும். மூலவர் சுதையா (சுண்ணாம்புச் சாந்துல செஞ்சவர்), மரமா இருந்தா அவருக்கு அபிஷேகம் கிடையாது, உற்சவருக்குத்தான் திருமஞ்சனம், மூலவருக்கு மூலிகைத் தைலம் பூசுற தைலக்காப்பு மட்டும். பூரி ஜெகந்நாதர் வேப்பமரத்துல ஆனவர், தினமும் அவருக்கு நடக்குற ஸ்நானமே கண்ணாடியில தெரியுற பிம்பத்துக்குத்தான். வருஷத்துல ஒரு நாள், ஸ்நான பூர்ணிமா அன்னைக்கு மட்டும் 108 குடம் தண்ணி நேரா ஊத்துவாங்க, ஊத்துனதும் சுவாமிக்கு காய்ச்சல்னு சொல்லி 15 நாள் தரிசனத்தையே நிறுத்திட்டு, மறுபடி வண்ணம் தீட்டித்தான் வெளிய கொண்டு வருவாங்க. அதுக்கும் மேல, அவங்க சந்திர மாசக் கணக்குல ரெண்டு ஆஷாடம் வர்ற வருஷத்துல நவகளேபரம்னு புது மரத்துல புது திருமேனியே செஞ்சிடுவாங்க, கடைசியா 1996லயும் 2015லயும் நடந்துச்சு. பழைய மூர்த்திய கோயிலுக்குள்ளயே புதைச்சிடுறாங்க. மரத்துக்கு ஒரு ஆயுசு உண்டுன்னு ஏத்துக்கிட்ட வழிபாடு அது, எனக்கு அத நினைச்சாலே மனசு நெகிழும்.

இத சொன்னதும் எல்லாரும் கேக்குற கேள்வி, அப்ப காஞ்சிபுரத்து அத்திவரதரும் மரம்தானே, அவர் 40 வருஷம் தண்ணிக்குள்ளயே இருக்காரே? நல்ல கேள்வி. 2019ல ஜூலை 1லேர்ந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள் வெளிய இருந்துட்டு மறுபடி அனந்தசரஸ் குளத்துக்குள்ள போயிட்டார். முழுசா தண்ணிக்குள்ள மூழ்கியிருக்குற மரத்துக்கு காத்து எட்டாது, காத்து இல்லாம மரத்தை அரிக்குற பூஞ்சை வளராது. நனையுறது காயுறது, நனையுறது காயுறதுன்னு மாறி மாறி நடந்தாத்தான் ஆபத்து. வேலிக்கால பிடுங்கிப் பாருங்க, ஆழத்துல இருக்குற முனை நல்லா இருக்கும், மேல இருக்குறதும் நல்லா இருக்கும், மண்மட்டத்துல மட்டும் இத்துப்போயிருக்கும். வெள்ளிக்கு வெள்ளி பால் ஊத்துன பீடமும் அந்த மண்மட்டம் மாதிரிதான்.

வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் மரம் மழைக்காலத்துல ஈரத்தை குடிச்சு ஊதும், கோடையில சுருங்கும். அதனால ஏசி காத்து நேரா படுற இடம், ஜன்னல் வெயில், விளக்குக்கு ஒட்டுன இடம் மூணும் வேண்டாம். ஈரமான பூமாலைய ராத்திரி எடுத்துடுங்க. குங்குமத்தை நேரா மரத்துல வைக்காதீங்க, கடை குங்குமத்தோட சாயம் நாருக்குள்ள எறங்கினா நானே சுரண்டித்தான் எடுக்கணும், பீடத்துக்கு முன்னாடி ஒரு தட்டுல வைங்க. தேங்கா எண்ணெய், நல்லெண்ணெய் தடவுறவங்க நிறைய பேரு, பளபளன்னு ரெண்டு நாள் இருக்கும், அப்புறம் பிசுபிசுன்னு ஆகி தூசியும் ஊதுபத்திப் புகையும் சேந்து முகமே கறுத்துடும். காய்ஞ்ச மெல்லிசு பிரஷ் ஒண்ணு போதும், வாரம் ஒருவாட்டி மேலேர்ந்து கீழ தட்டி விடுங்க. வர்ணம் பூசாத சிலைன்னா வருஷத்துக்கு ஒருவாட்டி தேன்மெழுகு கலந்த பாலிஷ் கொஞ்சூண்டு தொட்டு தேய்ங்க, வர்ணம் பூசுனதுல அதுவும் வேண்டாம்.

விரிசல் விட்டா பயப்படாதீங்க, சாமி குத்தம் எல்லாம் இல்ல. மரம் வயசு வளையத்தோட போக்குல அதிகமாவும் குறுக்க கம்மியாவும் சுருங்கும், அந்த இழுபறியிலதான் வெடிக்குது. அதுக்காகத்தான் பெரிய சிலைக்கு முதுகுப்பக்கம் குடைஞ்சு விடுறோம். தயவுசெஞ்சு ஏப்ரல் மே வெயில்ல வாய் பொளந்து நிக்கும்போது எம்சீல் வச்சு அடைக்காதீங்க, ஐப்பசி மழையில மரம் ஊதும்போது அந்த கல்லு மாதிரி அடைப்பு வழி விடாது, பக்கத்துல இன்னொரு இடத்துல வெடிக்கும். நாங்க அதே மரத்துல சிம்பு சீவி வச்சுத்தான் அடைப்போம், அது கூடவே ஊதும் கூடவே சுருங்கும்.

இன்னொண்ணு உளு, அதாவது மரத்தை உள்ளேர்ந்து துளைக்குற பூச்சி. சிலைக்கு அடியில கோதுமை மாவு மாதிரி பொடி கொட்டியிருக்கா, குண்டூசித் தலை அளவு ஓட்டை இருக்கான்னு பாருங்க. பொடிய தொடச்சிட்டு ஒரு வெள்ளைப் பேப்பர் விரிச்சு வைங்க, ரெண்டு வாரத்துல திரும்ப கொட்டினா உள்ள புழு உயிரோட இருக்குன்னு அர்த்தம், உடனே பாலித்தீன் கவர்ல இறுக்கிக் கட்டி மத்த மரச்சாமான்கிட்டேர்ந்து தள்ளி வச்சுட்டு ஆளைக் கூப்பிடுங்க. மண்ணெண்ணெய் ஊத்துறவங்க இருக்காங்க, நாளைக்கு அதே சிலைக்கு முன்னாடி விளக்கு ஏத்துவீங்கங்கறத மறந்துடாதீங்க. இந்தப் பூச்சி பெரும்பாலும் வெளிய இருக்குற வெள்ளைக் கட்டையத்தான் திங்கும், உள்பக்கம் வைரம் பாஞ்ச சேகுல சீக்கிரம் ஏறாது. அதனால வாங்கும்போதே தம்மம்பட்டியோ அரும்பாவூரோ கள்ளக்குறிச்சியோ எங்க வாங்குனாலும் அடிப்பக்கத்தை பெயிண்ட் அடிக்காம காட்டச் சொல்லுங்க, சேகு எவ்ளோ வெள்ளை எவ்ளோன்னு கண்ணாலயே பாத்துடலாம்.

பழங்கால ஜோதிட அறிஞர் வராகமிகிரர் எழுதுன பிருஹத் சம்ஹிதைங்கற நூல்ல, சிலைக்கு மரம் எடுக்க காட்டுக்குப் போறதுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. மரத்துல குடியிருக்குற உயிர்கள்கிட்ட வேற இடம் போயிக்கங்கன்னு வேண்டிக்கிட்டுத்தான் வெட்டணும், மரம் நின்னப்ப எது மேலயோ அதுவே சிலையிலயும் மேல வரணும்னு அதுல சொல்லியிருக்கு. நானும் கட்டைய அறுத்ததும் சாக்பீஸ்ல மேல்பக்கம்னு அம்புக்குறி போட்டுடுவேன், எங்கப்பா அப்படித்தான் பழக்கினார்.

அந்தம்மாவோட கிருஷ்ணருக்கு இத்துப்போன அடிப்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு, நல்லா காய்ஞ்ச வாகை சேகுல புது பீடம் போட்டு முளையடிச்சு சேத்திருக்கேன், அம்புக்குறி பாத்துத்தான் வச்சேன். பால் ஊத்தாம எனக்கு மனசு கேக்காதேன்னாங்க. நாலு இன்ச்ல ஒரு பித்தளை கிருஷ்ணர் வாங்கி தாம்பாளத்துல முன்னாடி வச்சுக்கங்கம்மா, பால் அவருக்கு, இவர் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருப்பார்னு சொன்னேன். போன வெள்ளிக்கிழமை போட்டோ அனுப்பிருந்தாங்க, ரெண்டு பேருமே இருக்காங்க.