எபிரேயத் தேதியில் ஆண்டு மாறிவிட்டதா? திருத்தக் கோருமுன் பார்க்க வேண்டியவை

இஸ்ரேலில் அரசு அலுவலகங்கள் அனுப்பும் கடிதங்களிலும் பொது அறிவிப்புகளிலும் எபிரேயத் தேதியும் இடம்பெற வேண்டும் என்கிறது 1998-ஆம் ஆண்டுச் சட்டம். உலகம் படைக்கப்பட்டதாக யூத மரபு கொள்ளும் காலத்திலிருந்து ஆண்டுகளை எண்ணும் கணக்கு இது. சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மக்கள் அலைக்கழிக்கப்படுவது ஒரு தேதியை மற்றொன்றாக மாற்றும் இடத்தில்தான்.

ஆங்கில ஆண்டோடு 3760-ஐக் கூட்டினால் யூத ஆண்டு வரும் என்ற வாய்பாடு ஜனவரி முதல் ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டு வரைக்கும் மட்டுமே சரி. செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும் அந்தப் புத்தாண்டிலிருந்து டிசம்பர் முடிய 3761-ஐக் கூட்ட வேண்டும். 2024 மார்ச் 10 என்பது 5784-ஐச் சேர்ந்தது; அதே 2024-இன் அக்டோபர் 10 என்பது 5785-ஐச் சேர்ந்தது. எனவே இரண்டு சான்றுகளில் ஓராண்டு இடிக்கிறது என்று யாரேனும் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தால், மாதத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லும்படி பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். கல்லறைக் கல்லைச் சான்றாகக் காட்டுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே பெரும்பாலும் ஆயிரத்தை விட்டுவிட்டு, 5785 என்றால் 785-ஐக் குறிக்கும் எபிரேய எழுத்துகளை மட்டுமே பொறிப்பார்கள். கெத்துபா என்னும் திருமண ஒப்பந்தத்தில் ஆண்டு முழுமையாகச் சொற்களில் இருக்கும் என்பதால் அதையே முதலில் நீட்டுங்கள்.

மிகுதியானோர் சிக்குவது சூரிய மறைவில். யூத நாள் நள்ளிரவில் மாறுவதில்லை, மாலையில் மாறுகிறது. 2024 அக்டோபர் 2 அன்று பகலில் பிறந்த குழந்தைக்கு ஆண்டு 5784. அன்றிரவு ஒன்பது மணிக்குப் பிறந்த குழந்தைக்கு 5785. ஆங்கிலத் தேதியை மட்டும் வைத்து மாற்றினால் நாளோடு ஆண்டும் பிழையாகும். பிறந்த நேரம் குறித்த மருத்துவமனைச் சான்றை முதல் நாளே இணைத்துவிடுங்கள். அதைக் கேட்டு மறுபடி வரச் சொல்லும் வாய்ப்பை அலுவலகத்துக்குக் கொடுக்காதீர்கள்.

பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு ஆண்டுகளுக்குப் பதின்மூன்று மாதங்கள் உண்டு. அவற்றில் அதார் மாதம் இரண்டு முறை வரும். 5784 அப்படிப்பட்ட ஆண்டு, 5787-உம் அப்படியே. அத்தகைய ஆண்டின் சான்றில் வெறும் 'அதார்' என்றிருந்தால், முதலாவதா இரண்டாவதா என்று எழுதி வாங்காமல் அதைப் பெற்றுக்கொள்ளாதீர்கள்.